அம்மன் வரும்போது அடைத்த ஷட்டர்

ஒரு பாதி சடையும் மறு பாதி மணிமுடியுமாய், ஒரு பாதி நீறும் மறு பாதி துளவமுமாய், பாதிக்குப் பாதி பகையின்றியும் பாதிக்குப் பாதி பளு குறையாமலும் ஒரே மேனியில் நிற்கும் சங்கரநாராயணர் திருவடிகளை முதலில் வணங்குகிறேன். இறங்கத் துடிக்கும் இரும்புக்கும் ஏறத் துடிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே வாழ்நாளைக் கழித்த ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான மூர்த்தி வேறெந்த ஊரில் கிடைக்கும்? ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்த கோமதி அம்மையை அடுத்து வணங்குகிறேன். ஒற்றைக் காலில் நிற்பது அம்மைக்குத் தவம். ஏணியின் உச்சியில் நமக்கு அது மடமை. இந்த வேறுபாட்டை முதல் நாளே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இன்று தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமி, வியாழக்கிழமை. ராகு காலம் கழிந்த பிறகே பேனாவை எடுத்தேன். நாள் பார்ப்பதில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. ஸ்பிரிங்குக்குப் பஞ்சாங்கம் படிக்கத் தெரியாது என்பதிலும் அதே அளவு நம்பிக்கை உண்டு. அமிர்தயோகத்தில் அது அறுந்திருக்கிறது. சந்திராஷ்டமத்தில் சாதுவாகச் சுழன்றிருக்கிறது. ஆகவே, நல்ல நேரத்தில் வேலையைத் தொடங்குங்கள். ஆனால் நல்ல நேரம் முடியப்போகிறதே என்று எந்தப் போல்ட்டையும் பாதி முறுக்கில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

ஷட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, எந்தச் சாவியால் எந்த மரையைத் திருகுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் கைப்பேசிக்குள் ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்வது ஒன்றுதான். ஸ்பிரிங் தானாக எதையும் தூக்குவதில்லை. ஷட்டரை இறக்கும்போது நீங்கள் கொடுத்த பலத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஏற்றும்போது திருப்பித் தருகிறது. அவ்வளவு நேர்மையான பொருளை மனிதர்களுக்குள் நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் அது பலத்தை வைத்திருக்கிறது என்பதை மறந்து, ஷட்டர் சுருளும் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பை நீங்கள் கழற்றினால், வைத்திருந்தது முழுவதையும் ஒரே நொடியில், உங்கள் முகத்திலேயே திருப்பித் தந்துவிடும். அதுவும் நேர்மைதான்.

முன்பெல்லாம் ஷட்டர் என்பது கடைகளுக்கு உரியது. இப்போது வீட்டுக்கு வீடு கார். காருக்கு ஒரு கொட்டகை. கொட்டகைக்கு ஒரு ஷட்டர். கடைக்காரர் ஸ்பிரிங் பழுதானால் நம்மை அழைப்பார். வீட்டுக்காரர் முதலில் கைப்பேசியை அழைப்பார்.

சிவகிரியில் ஒருவர் அப்படித்தான் செய்தார். காணொளியில் ஒரு வெள்ளைக்காரர், கையுறை அணிந்து, புன்னகை மாறாமல், தம் வீட்டுக் கொட்டகைக் கதவின் ஸ்பிரிங்கை மாற்றிக் காட்டினாராம். அந்தக் கதவு பலகை பலகையாக மடங்கி, கூரைக்கு அடியில் படுத்துக்கொள்ளும் இனம். நம்முடையது பாயைப் போலச் சுருளும் இனம். பசுவுக்குச் சொன்ன வைத்தியத்தைக் கோழிக்குச் செய்துவிட்டார். கிளாம்ப் கழன்றதும் குழாய் சுழன்று, அதைக் கவ்வியிருந்த பைப் ரெஞ்ச் பறந்துபோய், எதிர்ச் சுவரில் காலண்டரில் எழுந்தருளியிருந்த முருகப்பெருமானின் மார்பைத் துளைத்துக்கொண்டு செங்கல்லில் நின்றது. நான் போனபோது வீட்டுக்காரர் கண்கலங்கி நின்றார்.

“முருகன் தாங்கிக்கிட்டான் அண்ணாச்சி. எனக்கு வர வேண்டிய அடிய அவன் வாங்கிக்கிட்டான்.”

“சூரன்கிட்டயே வாங்காத அடிய ஒம்ம ஷெட்டுல வந்து வாங்கணும்னு அவனுக்கு விதி பாரும்.”

“அப்ப மத்த ஸ்பிரிங்க நானே மாத்திரலாம்லா?”

“தாராளமா மாத்தும். புதுக் காலண்டர் ஒண்ணு மாட்டிட்டு மாத்தும்.”

எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் இப்படியெல்லாம் கேலி பேச மாட்டார். பேச்சே குறைவு. எந்த ஷட்டருக்குப் போனாலும், மேலே அண்ணாந்து பார்ப்பதற்கு முன் கீழே தரையைப் பார்ப்பார். “மேல என்ன கெட்டுப்போச்சுன்னு அப்புறம் பாப்போம். கீழ யாரு நிப்பா, அதச் சொல்லு” என்பார். காய்கறிக் கடை என்றால் வாங்க வருபவர்கள், பள்ளிக்கூடம் என்றால் பிள்ளைகள் என்று பதில் மாறும். அந்தப் பதிலைக் கொண்டுதான் அந்த வேலையில் எவ்வளவு அவசரப்படலாம் என்று முடிவு செய்வார். பெரும்பாலும் ‘அவசரமே வேண்டாம்’ என்றுதான் முடியும். அந்தக் கேள்வி ஒரு நாள் எனக்கு எப்படிப் பயன்பட்டது என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

நான் தொழிலை விட்டு இறங்குவதற்கு முந்தைய ஆண்டு அது. எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருக்கும் சுடலைமுத்துவின் வீட்டுக்குத் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படி உண்டு. அன்று மாலை அம்மன் சப்பரத்தில் வந்து அவர் வீட்டில் இறங்கி, பூசை ஏற்றுப் போவாள். அவருடைய தாத்தா காலம் தொட்டு வரும் உரிமை. தாத்தா காலத்தில் வாசலில் பந்தல் இருந்தது. பேரன் காலத்தில் அந்த இடத்தில் கார் கொட்டகை எழுந்து, ஷட்டரும் வந்துவிட்டது. மண்டகப்படி அன்று மட்டும் காரைத் தெருக்கோடியில் நிறுத்திவிட்டு, கொட்டகையைக் கழுவிக் கோலமிட்டு, அம்மனை உள்ளே எழுந்தருளச் செய்வார்கள். காருக்கும் அம்மனுக்கும் ஒரே இடம். ஆண்டில் மற்ற நாள்களெல்லாம் காருக்கு.

அந்த ஆண்டு கொடைக்குச் சற்று முன் அவருடைய ஷட்டரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. சுடலைமுத்து என்னை அழைக்கவில்லை. அவர் கைப்பேசியையும் பார்க்கவில்லை. அதுவரை பாராட்டலாம். அவர் பார்த்தது தம் தறியை. ‘தறியில் இல்லாத ஸ்பிரிங்கா, நான் முறுக்காத முறுக்கா’ என்று தாமே இறங்கிவிட்டார். இருந்ததைவிடத் தடித்த ஸ்பிரிங்காக வாங்கி, இருந்ததைவிடக் கூடுதலாக முறுக்கிப் பூட்டினார். உடைந்து தொலைக்காமல் பூட்டிய அளவுக்குக் கைத்திறன் உள்ளவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மண்டகப்படி அன்று மாலை, அம்மன் முன் பதிகம் பாடுவதற்காக நான் குளித்து, நீறணிந்து, வேட்டி துண்டுடன் அங்கே போனேன். ஒவ்வோர் ஆண்டும் அங்கே பாடுவது என் வழக்கம். வாழைமரம், மாவிலை, சீரியல் விளக்கு எல்லாம் அமைந்திருந்தன. சுருண்டு ஏறி நின்ற ஷட்டரின் அடிப்பட்டையில், இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக, மஞ்சள் துணி சுற்றி மல்லிகைச் சரம் சூட்டிய இரண்டு உருண்டைகள் கயிற்றில் தொங்கின. உள்ளே போகும் பெண்கள் அவற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒன்றின் நெற்றியில் குங்குமம்கூட ஏறியிருந்தது.

“இது என்ன வே, புதுசா இருக்கு?” என்று சுடலைமுத்துவைக் கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. “தறிக் கல்லு அண்ணாச்சி. ஸ்பிரிங்க நானே மாத்திட்டேன்லா! வெரல வச்சா போதும், சும்மா ஜிவ்வுன்னு ஏறுது. கொஞ்சம் ரொம்பவே ஏறுது. அதான் பாவுல தொங்கவிடுற மாதிரி ரெண்டு கல்லக் கட்டிவிட்டேன். சரியா நிக்கி, பாத்தியளா?”

விசைத்தறியில் நூல் சுற்றிய உருளை கட்டுக்கடங்காமல் அவிழாதிருக்க எடைக்கல் தொங்கவிடுவார்கள். அங்கே அது சரி. தறிக்கு அடியில் யாரும் ஆரத்தித் தட்டுடன் நிற்பதில்லை. ஷட்டரில் பளுவும் முறுக்கும் சமமாக இருக்க வேண்டும். முறுக்கு மிஞ்சினால் முறுக்கைக் குறைக்க வேண்டும். இவரோ முறுக்கை அப்படியே விட்டுவிட்டுப் பளுவைக் கூட்டியிருந்தார். உப்பு மிஞ்சிய குழம்புக்குச் சர்க்கரை போட்ட கணக்கு. அந்தச் சர்க்கரையும் கயிற்றில் தொங்கியது.

அண்ணாந்து பார்த்தேன். அடிப்பட்டையின் இரு பக்கமும், ஷட்டர் ஓர் அளவுக்கு மேல் ஏறாதபடி நிலையில் முட்டி நிறுத்துவதற்கு இரண்டு தடுப்பு இரும்புகள் இருக்கும். அவை இருந்த இடத்தில் அறுத்த தழும்பு மட்டும் இருந்தது.

“அந்தத் தடுப்பு எங்க வே?”

“அது கீழ நீட்டிட்டு நின்னுச்சு. போன வருசம் அம்மன் குடை அதுல ஒரசிருச்சு. அபசகுனம்னு ஊரே பேசிச்சு. அதான் அறுத்துட்டேன்.”

தம்பிகளே, இப்போது கணக்கைப் பாருங்கள். மேலே மிஞ்சிய முறுக்கு. நிறுத்தத் தடுப்பு இல்லை. பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டு கற்கள். கற்களைப் பிடித்துக்கொண்டிருப்பது கயிறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பது பக்தி. இதில் ஒரு பக்கக் கயிறு விட்டால், அந்தப் பக்கம் பட்டை சட்டென்று ஏறும். ஷட்டர் கோணிக்கொண்டு தடத்தை விட்டு வெளியே வரும். மறுபக்கத்துக் கல் ஊஞ்சலாடும். பிறகு எல்லாம் சேர்ந்து இறங்கும். யார் மேல் என்பதுதான் கேள்வி.

அப்போது தெருமுனையில் மேளம் திரும்பியது. முன்னால் ஓடிவந்த இரண்டு இளைஞர்கள் வாசலை அளந்தார்கள். சப்பரத்தின் தோள்கம்பு இரு பக்கமும் கல்லில் இடிக்கும் என்று கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவன் பூக்கட்டும் கத்தியைக் கேட்டு வாங்கி, முக்காலியில் ஏறினான்.

“எங்க ஏறுத?” என்றேன்.

“கல்ல அறுத்துவிடப் போறேன் தாத்தா. சப்பரம் நொழையணும்லா.”

“கீழ எறங்கு மொதல்ல! கயித்துல கை வச்சேன்னா ஒன் தல சப்பரத்துக்கு முன்னால உள்ள போயிரும்.”

நான் குரலை உயர்த்துவது அரிது. அவன் இறங்கிவிட்டான். சுடலைமுத்துவின் முகம் மாறியது. “என்ன அண்ணாச்சி, நல்ல நாளும் அதுவுமா?” என்றார்.

கற்களை வைத்துக்கொண்டால் அம்மன் நுழைய முடியாது. அறுத்தால் ஷட்டர் நிற்காது. முறையாக முறுக்கைத் தளர்த்த வேண்டுமென்றால் ஏணி வேண்டும், இரண்டு ரெஞ்ச் வேண்டும், கூட்டம் விலக வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். மேளம் ஏற்கெனவே மூன்றாம் வீட்டு வாசலில் இருந்தது. மிஞ்சிய வழி ஒன்றே.

“ஷட்டர எறக்கிப் பூட்டும்” என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலை மறித்து நின்றார். “அம்மன் வாசலுக்கு வாற நேரத்துல கதவ அடைக்கச் சொல்லுதியளா? எழவு போகையிலதான் அண்ணாச்சி இந்தத் தெருவுல ஷட்டர எறக்குவாங்க. எங்க தாத்தா வாங்குன மண்டகப்படி. இன்னைக்கு அவ வாசல்லயே திரும்பிப் போனா, நாளைக்கு நான் இந்தத் தெருவுல எப்படி நடப்பேன்?”

அவர் பேசியது பொய்யில்லை. பிணம் போகும்போது ஷட்டரை இறக்குவது எங்கள் ஊர் மரியாதை. அம்மன் வரும்போது இறக்கினால் அதற்கு என்ன பொருள் என்று ஊர் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். கூட்டத்தில் ஒருவர், “அம்மன் வந்து நிக்கும்போது ஸ்பிரிங் அறுந்துருமா? அவ பாத்துக்க மாட்டாளா?” என்றார். அம்மனுடைய பாதுகாப்பில் இவர்களுக்குள்ள நம்பிக்கையைக் கண்டால் எனக்கு மெய்சிலிர்க்கும். இரண்டு பக்கமும் பார்க்காமல் தெருவைக் கடப்பதும் இதே நம்பிக்கையில்தான்.

சுடலைமுத்துவோடு வாதிடுவதில் பயனில்லை என்று கண்டு, ஆரத்தித் தட்டுடன் நின்ற அவர் மனைவி பேச்சியம்மாளிடம் திரும்பினேன்.

“ஏம்மா, சப்பரம் உள்ள நொழையும்போது இந்தக் கல்லுக்குக் கீழ யாரு நிப்பா?”

அவர் அண்ணாந்து பார்த்தார். தறியில் வேலை செய்த பெண். தொங்கும் கல்லின் பளு அவருக்குத் தெரியும். “இந்தப் பக்கம் நான் நிப்பேன், தட்டோட” என்றார். மறுபக்கத்தைப் பார்த்தார். “அந்தப் பக்கம் முன்கம்பு என் தம்பி.” சற்று நிறுத்தி, “அவனுக்கு அடுத்த மாசம் கல்யாணம்” என்றார்.

பிறகு தட்டைக் கீழே வைத்தார்.

“ஏங்க, அடைங்க.”

“நீ சும்மா கெட. ஒனக்கு என்ன தெரியும்?”

“எனக்குக் கல்லு தெரியும். ஒங்க கட்டும் தெரியும். போன மாசம் நீங்க கட்டுன கொடிக்கயிறு அறுந்து ஈரச்சேல பூராவும் சாக்கடையில கெடந்துச்சு. அம்மன் கோவிச்சா நான் பதில் சொல்லிக்கிடுதேன். எந்தம்பி தலைக்கு நீங்க பதில் சொல்ல மாட்டிய. அடைங்க!”

சொல்லிவிட்டு அவரே அடிப்பட்டையின் ஒரு முனையைப் பற்றினார். வேறு வழியின்றிச் சுடலைமுத்து மறுமுனையைப் பற்றினார். ஷட்டர் முனகிக்கொண்டு இறங்கியது. இறங்க இறங்க முறுக்கு இன்னும் ஏறும் என்று எனக்குத் தெரியும், உடைந்தாலும் உடையலாம். ஆனால் உடைவதானால் பூட்டிய கதவுக்குப் பின்னால், ஆளில்லாத கொட்டகையில் உடையட்டும். பத்திரம் என்பது எதுவும் உடையாதிருப்பது என்று எண்ணாதீர்கள். உடைவது எங்கே உடையட்டும் என்று நாம் முடிவு செய்வதும் பத்திரந்தான். உள்ளே இருந்தவர்களை வெளியேற்றி, இரு முனைகளையும் தரைக் கொக்கியில் பூட்டச் செய்தேன். கற்கள் இரண்டும் தரையில் அமர்ந்தன.

அம்மன் வந்தாள். அடைத்த ஷட்டரின் முன் சப்பரம் நின்றது. மேளம் தானாகவே ஓய்ந்தது. பூசாரி என்னைப் பார்த்தார்; சுடலைமுத்து தரையைப் பார்த்தார்; தெரு முழுவதும் சுடலைமுத்துவைப் பார்த்தது. அவர் கண்ணில் நீர் நின்றது. அந்த மௌனத்தை வளரவிட்டால் அது மறுநாள் வதந்தியாகும் என்று எனக்குத் தோன்றியது. நான் முன்னே வந்து, கைகூப்பி, பதிகத்தைத் தொடங்கினேன். தெருவே கோயிலாகட்டும் என்று பூசாரியும் கற்பூரத்தை ஏற்றினார்.

மூன்றாம் பாட்டின் ஈற்றடியை நீட்டிப் பாடிக்கொண்டிருந்தபோது, ஷட்டருக்குப் பின்னால் ‘டமார்’ என்று ஓர் ஓசை. இரும்புத் தகடு முழுவதும் அதிர்ந்து அடங்கியது. குழந்தைகள் அலறின. மேளக்காரர் துள்ளி விலகினார். ஸ்பிரிங் அறுந்துவிட்டது. அதை அறிந்தவர்கள் அங்கே மூன்று பேர்: நான், சுடலைமுத்து, பேச்சியம்மாள். ஷட்டர் அசையவில்லை, கொக்கிகள் பிடித்துக்கொண்டன. பேச்சியம்மாள் தம்பியைப் பார்த்தார். அவன் தோள்கம்பைச் சுமந்தபடி, ஒன்றும் அறியாமல், வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: “உத்தரவு குடுத்துட்டா! அம்மன் உத்தரவு குடுத்துட்டா!”

அவ்வளவுதான். தெரு முழுவதும் குலவை. “தாத்தா பாட்டுக்குக் கதவே பேசிருச்சு” என்று என் காலில் விழ ஒருவர் வந்தார். மேளம் இரட்டிப்பு வேகத்தில் முழங்கியது. சுடலைமுத்துவின் வீட்டைப் போல் பாக்கியம் செய்த வீடு இல்லை என்று ஊர் அங்கேயே தீர்ப்பு எழுதியது. பாடிக் கதவு திறந்த கதை நம் சமயத்தில் உண்டு. பாடிக் கதவு அடைத்த கதையும் உண்டு. பாடி ஸ்பிரிங் அறுந்த கதை, நான் அறிந்தவரையில், இது ஒன்றுதான்.

மறுநாள் காலை சுடலைமுத்து என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, “அண்ணாச்சி, கொஞ்சம் பாக்கணும்” என்றார். இருவரும் சேர்ந்தே வேலை செய்தோம். பளுவுக்கு ஏற்ற ஸ்பிரிங், அளவான முறுக்கு, அறுத்த இடத்தில் புதிய தடுப்பு. அம்மனின் குடை உரசாதபடி அந்தத் தடுப்பைச் சற்று மேலே பொருத்தும் யோசனை அவருடையது. நல்ல யோசனை, அதன்பின் பல வீடுகளில் நானும் பயன்படுத்தினேன். கற்கள் குங்குமத்தோடு தறிக்குத் திரும்பின.

இனி ஷட்டரில் ஒரு குறையும் இல்லை. வரும் ஆண்டில் அம்மன் தாராளமாக உள்ளே எழுந்தருளலாம் என்றேன். சுடலைமுத்து தலையாட்டினார். ஆனால் ஊர் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டு மண்டகப்படி அன்று மேளம் தெருமுனையில் திரும்பியதும், பெரியவர்கள் முன்வந்து, “ம், அடைங்க” என்றார்கள். அடைத்த ஷட்டரின் முன் அம்மன் நின்றாள். பதிகம் மூன்றாம் பாட்டை எட்டியதும் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். ஓசை வரவேண்டுமே! வந்தது. உள்ளே பேச்சியம்மாள் பைப் ரெஞ்சால் தகட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார். குலவை எழுந்தது. அதன் பின்னரே ஷட்டர் ஏறி, அம்மன் உள்ளே போனாள்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் அப்படித்தான். அந்த ரெஞ்சுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. சென்ற ஆண்டு வெளியூரிலிருந்து வந்த ஒருவர், ஏன் கதவை அடைத்துத் திறக்கிறார்கள் என்று பேச்சியம்மாளின் தம்பியைக் கேட்டார். முன்கம்பைச் சுமந்துகொண்டிருந்தவன் சற்றும் தயங்காமல், “அது எங்க அத்தான் தாத்தா காலத்துலேர்ந்து வாற ஐதீகம்” என்றான். அவனுடைய மறுதோளில் அவன் மகள் உட்கார்ந்து, கம்பைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் திருத்தவில்லை. அம்மன் வருவதற்கு முன் ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்க்கும் ஷட்டர், ஊரிலேயே நன்கு சோதிக்கப்பட்ட ஷட்டர். நாம் எத்தனை முறை சொல்லியும் செய்யாத சோதனையை அவர்கள் பக்தியால் செய்கிறார்கள். செய்யட்டும்.

இதைப் படிக்கும் நீங்களும், உங்களுக்குப் படித்துக் காட்டுகிறவர்களும், உங்கள் வேலையின் அடியில் நம்பி நிற்கிறவர்களும் நெடுங்காலம் நலமாக வாழ்க. உங்கள் கைவிரல்கள் பிறந்த கணக்கிலேயே இருக்கட்டும். தலைக்கு மேல் இருப்பவை தலைக்கு மேலேயே இருக்கட்டும். கோமதி அம்மை எப்போதும் காப்பாள். நீங்களும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.